மூன்று வகுப்பும் ஒரே அறையில்: மாறுதல் கேட்கலாமா?

வாசகர் கடிதம்:

நான் பயிற்சி ஆசிரியை. நகரத்திலேயே பிறந்து படித்தவள். 16 வாரக் கற்பித்தல் பயிற்சிக்கு ஒரு கிராமத்துத் தொடக்கப் பள்ளியைக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புகள் ஒரே அறையில், மொத்தம் 27 பிள்ளைகள். பள்ளிக்கே இரண்டு ஆசிரியர்கள்தான். வழிகாட்டி ஆசிரியை பெரும்பாலும் வகுப்பை என்னிடம் விட்டுவிட்டுப் பதிவேடு எழுதப் போய்விடுகிறார். ராத்திரி கண்விழித்து எழுதிக்கொண்டு போகும் லெசன் பிளான் பத்து நிமிடம்கூடத் தாக்குப்பிடிப்பதில்லை. கேள்வி கேட்டால் யாரும் வாய் திறப்பதில்லை. ஒரு வரிசைப் பக்கம் திரும்பினால் மற்ற இரண்டும் சந்தைக்கடை ஆகிவிடுகிறது. ஐந்தாம் வகுப்பில் நான்கைந்து பேருக்கு வாசிக்கவே வரவில்லை. ஒரு பையன் வாரத்தில் இரண்டு நாள் வருவதில்லை, வந்தாலும் தூங்குகிறான். போன வாரம் ஒரு பெண் 'கன்னுக்குட்டி ஒறங்குது டீச்சர்' என்றாள். 'தூங்குகிறது என்று சொல்லணும்' என்று திருத்தினேன். அதிலிருந்து அவளும் பேசுவதில்லை. மூன்று வாரத்தில் கல்லூரியிலிருந்து மேற்பார்வையாளர் வருகிறார். டவுன் பள்ளிக்கு மாற்றக் கேட்டு மனு எழுதி வைத்திருக்கிறேன். கொடுக்கலாமா?

பதில்:

மனுவை இப்போதைக்குப் பைக்குள்ளேயே வைத்திருங்கள். இரண்டே காரணங்களுக்கு அதை எடுத்து நீட்டலாம். ஒன்று, போக்குவரத்தோ தங்குமிடமோ உங்களுக்குப் பாதுகாப்பாக இல்லை என்றால் யோசிக்கவே வேண்டாம், இன்றைக்கே கல்லூரியில் சொல்லிவிடுங்கள், பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பதில் எந்தப் பெருமையும் இல்லை. இரண்டு, ஆள் பற்றாக்குறையை உங்களை வைத்து ஒப்பேற்றுகிறார்கள், 16 வாரமும் வழிகாட்டி ஆசிரியை வகுப்புப் பக்கம் எட்டிப் பார்க்கப் போவதில்லை என்று தெளிவாகத் தெரிந்தால் கொடுக்கலாம். அதற்குப் பயிற்சி என்று பெயரில்லை, சம்பளமில்லாத வேலை என்றுதான் பெயர். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதை மட்டும் வைத்து அந்த முடிவுக்கு என்னால் வர முடியவில்லை, அதைப் பிறகு சொல்கிறேன். மற்றபடி பிள்ளைகள் பேசாதது, பிளான் சரிந்தது, வாசிக்க வராதது என்று நீங்கள் அடுக்கியிருக்கும் கஷ்டமெல்லாம் டவுன் பள்ளிக்கும் உங்களோடேயே பஸ் ஏறி வந்துவிடும். அங்கே நாற்பது பேர் இரைச்சலில் அது உங்கள் கண்ணில் படாமல் போகும், அவ்வளவுதான்.

நான் 22 வருடம் வகுப்பெடுத்துவிட்டு, 9 வருடமாக உங்களைப் போன்றவர்களின் வகுப்பில் கடைசி வரிசையில் நோட்டோடு உட்கார்ந்திருப்பவள். நீங்கள் பயந்துகொண்டிருக்கிற அந்த மேற்பார்வையாளர் கூட்டத்தில் நானும் ஒருத்தி.

முதலில் பிளான். கல்லூரியில் உங்களுக்கு மைக்ரோ டீச்சிங் நடத்தியிருப்பார்கள். 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவான முறை அது. ஐந்து பத்து நிமிடம், நான்கைந்து மாணவர்கள், ஒரே ஒரு திறன். பல கல்லூரிகளில் அந்த நான்கைந்து மாணவர்களாக உட்காருவது உங்கள் தோழிகளேதான். நீங்கள் கேள்வியை முடிக்கும் முன்பே தோழி கையைத் தூக்குவாள், ஏனென்றால் அடுத்த முறை அவள் பாடம் எடுக்கும்போது நீங்கள் தூக்க வேண்டும். அந்தப் பழக்கத்தில் எழுதுகிற பிளானில் 'மாணவர்கள் விடையளிப்பார்கள்' என்று ஒரு வரி தவறாமல் இருக்கும். யார் பிளானைக் கையில் வாங்கினாலும் நான் பென்சிலால் வட்டம் போடுவது இந்த வரியைத்தான். எந்த மாணவர்? என்ன விடை? தப்பாகச் சொன்னால் அடுத்து என்ன செய்வீர்கள்? யாருமே சொல்லாவிட்டால்? பிளான் அங்கேதான் சரிகிறது. அதுபோக, உங்களுடையது ஒரு வகுப்புக்கு எழுதப்பட்ட பிளான், எதிரில் இருப்பதோ மூன்று வகுப்பு, அதில் ஐந்தாம் வகுப்புக்குள்ளேயே இன்னும் மூன்று வகுப்பு ஒளிந்திருக்கிறது.

அதனால் அடுத்த நான்கு நாள் ரெக்கார்டுக்கு வேண்டியதை மட்டும் சுருக்கமாக எழுதிவிட்டு ராத்திரி தூங்குங்கள். பகலில் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு தாளில் சில எழுத்துகள், அதற்குக் கீழே பத்துச் சின்னச் சொற்கள், பிறகு இரண்டு வாக்கியம், கடைசியில் இரண்டாம் வகுப்புத் தரத்தில் ஒரு சின்னப் பத்தி. ஒவ்வொரு பிள்ளையாக வராண்டாவுக்குக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து வாசிக்கச் சொல்லுங்கள். ஆளுக்கு நான்கு நிமிடம் என்றால் 27 பேருக்கு 108 நிமிடம், நான்கு நாளில் நாளுக்கு அரைமணி நேரம்கூட ஆகாது. மார்க் போடாதீர்கள். எங்கே நிற்கிறார்கள் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஏன் இதை இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், 'வாசிக்கவே வரவில்லை' என்று நீங்கள் எழுதியிருப்பது பெரும்பாலும் உண்மையாக இருக்காது. பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். 'மரம்', 'படம்' என்று அகர வரிசையில் நன்றாகப் போவான், 'காடு' தாண்டிவிடுவான், 'கொக்கு' வந்ததும் முதலில் ஒற்றைக்கொம்பைப் பார்ப்பான், பிறகு ககரம், பிறகு கால், 'கெ... கா...' என்று இழுத்துவிட்டு உங்கள் முகத்தைப் பார்ப்பான். அவன் செய்வதில் நியாயம் இருக்கிறது. இடமிருந்து வலமாக வாசி என்று நாம்தான் சொல்லிக்கொடுத்தோம், ஆனால் கொம்பு எழுத்துக்கு முன்னால் நின்றுகொண்டு ஓசை மட்டும் பின்னால் வருகிறது, 'கொ'வில் குறி இரண்டு பக்கமும் பிரிந்து நிற்கிறது, இதை யாரும் அவனுக்குத் தனியாக உட்காரவைத்துச் சொல்லவில்லை. அந்த நான்கைந்து பேரில் மூன்று பேர் கொம்பில்தான் தடுக்கி விழுகிறார்கள் என்று தெரிந்துவிட்டால், அது தினம் பதினைந்து நிமிடம் வைத்து இரண்டு மூன்று வாரத்தில் முடிகிற வேலை. 'வாசிக்க வராதவர்கள்' என்று மொத்தமாகப் பெயர் வைத்துவிட்டால் அது எத்தனை வருடமானாலும் முடியாது.

சரி, வாய் திறக்காத பிள்ளைகள். மேரி பட் ரோ என்ற அமெரிக்க அறிவியல் கல்வியாளர் 1970-களில் ஏராளமான வகுப்புகளின் ஒலிப்பதிவுகளைக் கேட்டு ஒன்றைக் கண்டுபிடித்தார். ஆசிரியர் கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பது சராசரியாக ஒரு விநாடிதான். அதற்குள் பதில் வராவிட்டால் கேள்வியை மாற்றுவார், வேறு பிள்ளையைக் கேட்பார், அல்லது தானே பதிலைச் சொல்லிவிடுவார். அதை மூன்று விநாடியாக்கியபோது பதில்கள் நீண்டன, 'தெரியாது' குறைந்தது, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். இரண்டு விநாடிதானே கூடுதல் என்று நினைப்பீர்கள். செய்து பாருங்கள், முதல் நாள் அது இரண்டு நிமிடம் போல இருக்கும். எனக்கு உதவிய வழி ஒன்று: கேள்வி கேட்டதும் சாக்பீஸை மேசையில் வைத்துவிடுவேன். கையில் சாக்பீஸ் இருந்தால் உடம்பு தானாகப் போர்டு பக்கம் திரும்பிவிடும். பதில் வந்த பிறகும் உடனே 'வெரி குட்' போடாமல் இன்னொரு மூன்று விநாடி சும்மா இருங்கள், அந்தப் பிள்ளையே 'ஏன்னா...' என்று தொடரும். அப்புறம், 'புரிஞ்சுதா?' என்று கேட்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். அதற்கு 'புரிஞ்சுது டீச்சர்' என்ற கோரஸைத் தவிர உலகத்தில் வேறு பதிலே கிடையாது.

அந்தக் கன்றுக்குட்டிப் பெண் விஷயத்தில் நீங்கள் செய்தது தப்பு. கடுமையாகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள், நானும் செய்திருக்கிறேன். 27 பேரில் ஒரு பிள்ளை தானாகத் தன் வீட்டுச் செய்தியைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறது, நாம் செய்தியை விட்டுவிட்டு உச்சரிப்பை வாங்கிக்கொண்டோம். அதிலும் வேடிக்கை என்னவென்றால், உறங்குதல் திருக்குறளிலேயே இருக்கிற சொல். 'ஒறங்குது' என்பது அதன் பேச்சு வடிவம், அதைத் தள்ளிவிட்டுத்தான் நீங்கள் 'தூங்குகிறது' கொடுத்திருக்கிறீர்கள். அவள் இதிலிருந்து கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று: என் வீட்டில் பேசுவது இங்கே செல்லாது. மற்ற 26 பேரும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். இதற்குப் போய்த் தனியாகக் கூப்பிட்டு மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம், அது அவளை இன்னும் கூச வைக்கும். ஒரு நாள் போகிற போக்கில் 'கன்னுக்குட்டி இன்னும் ஒறங்குதா, எந்திரிச்சுதா?' என்று அவள் சொல்லாலேயே கேளுங்கள். பதில் வந்தால் அதைப் போர்டில் அவள் சொன்னபடியே எழுதி, பக்கத்திலேயே புத்தகத்தில் எப்படி எழுதுவோம் என்பதையும் எழுதுங்கள். இரண்டும் போர்டில் இருக்கட்டும், ஒன்றை அழித்துவிட்டு இன்னொன்றை எழுத வேண்டியதில்லை.

சத்தம். ஜேக்கப் கவுனின் என்ற ஆய்வாளர் 1970-இல் எழுதியது இது. வகுப்பறைகளை வீடியோ எடுத்து, அமைதியான வகுப்பின் ஆசிரியரும் இரைச்சலான வகுப்பின் ஆசிரியரும் பிள்ளைகளை எப்படிக் கண்டிக்கிறார்கள் என்று பார்த்தால், கண்டிக்கிற விதத்தில் பெரிய வித்தியாசமே இல்லையாம். வித்தியாசம் எல்லாம் சத்தம் தொடங்குவதற்கு முன்னால் இருந்திருக்கிறது. தன் கண் எல்லாப் பக்கமும் இருக்கிறது என்று பிள்ளைகளுக்குத் தெரியவைப்பது, ஒரே நேரத்தில் இரண்டு காரியத்தைக் கவனிப்பது, ஒரு வேலையிலிருந்து அடுத்ததற்குத் தடுமாறாமல் நகர்த்துவது. உங்கள் கதையும் இதேதான். மூன்றாம் வகுப்புக்குப் பாடம் சொல்லும்போது மற்ற இரண்டு வகுப்பும் என்ன செய்ய வேண்டும் என்று உங்கள் பிளானில் இருந்ததா? 'அமைதியாக இருக்க வேண்டும்' என்பது வேலை ஆகாது. ஒன்பது வயதுப் பிள்ளைக்குச் செய்ய ஒன்றும் இல்லையென்றால் பக்கத்துப் பிள்ளைதான் வேலை. நிற்கிற இடத்தையும் மாற்றுங்கள். போர்டுக்கு முன்னால் நடுவில் நிற்காமல், பாடம் கேட்கிற வகுப்பின் பக்கவாட்டில், மற்ற இரண்டு வகுப்பும் கண்ணில் படுகிற மூலையில் நில்லுங்கள்.

மூன்று வகுப்புக்கும் மூன்று தனிப் பாடம் தயாரித்தால் இரண்டு வாரத்தில் படுத்துவிடுவீர்கள். ஒரே பொருளை எடுத்து மூன்று ஆழத்தில் கொடுப்பதுதான் வழி. அளவையை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பத்து நிமிடம் எல்லோருக்கும் சேர்த்து ஒரே கேள்வி: நம் வராண்டா எவ்வளவு நீளம்? ஊகிக்கச் சொல்லிப் போர்டில் எல்லா ஊகத்தையும் எழுதுங்கள், எது சரி என்று சொல்லாதீர்கள். அதன் பிறகு மூன்றாம் வகுப்பு சாணால் அளக்கட்டும். ஒருத்தனுக்கு 41 சாண் வரும், இன்னொருத்திக்கு 44 வரும், சண்டை வரும். வரட்டும். யார் கை பெரிது என்று அவர்களே கைகளைச் சேர்த்து வைத்துப் பார்க்கிற நிமிடத்தில்தான் எல்லோருக்கும் பொதுவான ஓர் அளவு ஏன் வேண்டும் என்பது புரிகிறது, அதை நீங்கள் வாயால் சொல்லியிருந்தால் நோட்டில்தான் ஏறியிருக்கும். நான்காம் வகுப்பு 30 செ.மீ. ஸ்கேலை வைத்து வைத்து அளந்து, 20 தடவை வந்தால் 600 செ.மீ., அதாவது 6 மீட்டர் என்று மாற்றட்டும். ஐந்தாம் வகுப்பு அகலத்தையும் அளந்து சுற்றளவு கண்டுபிடிக்கட்டும், 2 மீட்டர் அகலம் என்றால் 16 மீட்டர். முடித்தவர்களுக்கு என்று ஒரு பெட்டியில் கணக்கு அட்டைகள் போட்டு வையுங்கள், 'டீச்சர், முடிச்சிட்டேன்' என்று பின்னாலேயே வருவது பாதியாகக் குறையும். நீங்கள் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பது ஒரு நேரத்தில் ஒரு குழுவுக்கு, பதினைந்து நிமிடம், அப்புறம் அடுத்த குழு. ஒரு நாளில் மூன்று குழுவும் உங்களை ஒரு தடவையாவது பக்கத்தில் பார்த்திருந்தால் போதும்.

பெரிய பிள்ளைகளைச் சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க விடுவதில் உங்களுக்குத் தயக்கம் இருக்கலாம், வேலையைத் தட்டிக்கழிப்பது போல. திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை செய்த வேலைதான் அது. 1789-இல் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர்களுக்கான ஒரு பள்ளிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்துவிட்டுத் தன் பள்ளியிலும் அதைக் கொண்டுவந்து, மூத்தவர்களை இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார். 1797-இல் அவர் அதை இங்கிலாந்தில் எழுதி வெளியிட, 'மெட்ராஸ் சிஸ்டம்' என்ற பெயரிலேயே அங்கே பள்ளி பள்ளியாகப் பரவியது. ஒரே ஒரு எச்சரிக்கை: பெரிய பிள்ளையின் கையில் பாடத்தைக் கொடுங்கள், பேசுகிறவர்கள் பெயரைப் போர்டில் எழுதுகிற அதிகாரத்தைக் கொடுக்காதீர்கள். கொடுத்தால் ஒரே வாரத்தில் பாடம் போய் அதிகாரம் மட்டும் மிஞ்சும்.

தூங்குகிற பையனுக்கு வருவோம். வருகைப் பதிவேட்டை எடுத்து இரண்டு மாதத்துக்குப் பின்னால் போய்ப் பாருங்கள், அவன் வராத நாள்களுக்குள் ஏதாவது ஒழுங்கு இருக்கும். ஒரே கிழமையா? மாடு மேய்ப்பதா, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வதா, நடக்கிற தூரமா? காரணம் தெரிவதற்கு முன்னால் எல்லோர் முன்னாலும் 'நேத்து ஏன் வரல?' என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்குப் பயந்து மூன்றாவது நாளும் வராமல் போன பிள்ளைகளை எனக்குத் தெரியும். வந்த நாளில் முதல் ஐந்து நிமிடம் ஒரு தோழன் அவனுக்கு நேற்று நடந்ததைச் சொல்லட்டும். வீட்டுக்குப் போவதானால் தனியாகப் போக வேண்டாம், உள்ளூர் நிலவரம் தெரிந்த தலைமையாசிரியரோ வழிகாட்டி ஆசிரியையோ கூட வரட்டும். பயிற்சிக்கு வந்தவர் தனியாக வாசலில் போய் நின்றால் அது விசாரணை மாதிரித்தான் தெரியும்.

இனி உங்கள் வழிகாட்டி ஆசிரியை. இரண்டே பேர் இருக்கிற பள்ளியில் பதிவேடு, புள்ளிவிவரம், கூட்டம் எல்லாம் அந்த இரண்டு தலையில்தான் விழும், அதனால் அவர் ஓடிப்போகிறார் என்று சட்டென்று முடிவு கட்டாதீர்கள். 'நீங்களும் வகுப்பில் இருங்களேன்' என்று பொதுவாகக் கேட்டால் அது குறை சொல்வது போல இருக்கும், அவரும் 'நீங்கதான் நல்லா பண்றீங்களே' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். சின்னதாக, குறிப்பாகக் கேளுங்கள்: 'மேடம், நாளைக்குக் காலைல பத்தே நிமிஷம் பின்னாடி உட்காருங்க. நான் எந்தப் பிள்ளையைப் பார்க்கவே இல்லைன்னு மட்டும் சொல்லுங்க.' இதற்கு மாட்டேன் என்று சொன்ன ஆசிரியையை நான் பார்த்ததில்லை. இன்னொன்றும் கேளுங்கள், அவர் ஒரு பாடம் எடுக்கிறபோது நீங்கள் பின்னால் உட்கார்ந்து பார்க்கலாமா என்று. அப்படிப் பார்க்கும்போது பாடத்தைவிட அவர் என்ன செய்து வகுப்பைக் கட்டுக்குள் வைக்கிறார் என்று கவனியுங்கள், வாய் திறக்காமல் எங்கே போய் நிற்கிறார், யார் பெயரை முதலில் சொல்கிறார். இரண்டு வாரம் இப்படிக் கேட்டும் அவர் ஒரு தடவைகூட உட்காரவில்லை என்றால், தேதிகளோடு குறித்து வைத்து மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள். அப்போது மனுவுக்கு ஒரு நியாயம் வரும்.

மேற்பார்வையாளர் வருகிற நாளுக்கென்று பிள்ளைகளுக்கு ஒத்திகை மட்டும் வைத்துவிடாதீர்கள். ஒருமுறை நான் பார்க்கப் போன வகுப்பில் எல்லாம் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது, கேள்வி பாதியில் இருக்கும்போதே பதில் வந்தது, நடுவில் அந்தப் பயிற்சி ஆசிரியை கொஞ்சம் தடுமாறி நின்றதும் முன் வரிசையில் ஒரு பொடியன் எழுந்து, 'டீச்சர், இப்பதான் அந்தப் படத்தைக் காட்டணும்' என்றான். நான் நோட்டில் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தேன், பாவம் அந்தப் பெண்ணுக்கு அழுகை வந்துவிட்டது. நாங்கள் பார்ப்பது வழுக்கிக்கொண்டு போகிற பாடத்தை இல்லை. பிளான் சரிகிற இடத்தில் நீங்கள் பிளானைப் பார்க்கிறீர்களா, பிள்ளையைப் பார்க்கிறீர்களா என்பதைத்தான். அன்றைக்கு அந்த வாசிப்புக் குறிப்பு நோட்டை மேசைமேல் எடுத்து வையுங்கள். 27 பெயர், ஒவ்வொன்றுக்கும் எதிரே எந்த எழுத்தில் நிற்கிறான், இந்த வாரம் எங்கே நகர்ந்திருக்கிறான் என்று எழுதியிருக்கிற ஒரு நோட்டைப் பார்த்துவிட்டு, நாற்பது நிமிடப் பாடத்தில் சத்தம் வந்ததற்காக மதிப்பெண்ணில் கை வைக்கிறவர் யாரும் அநேகமாக இல்லை. பயிற்சி முடிந்து கிளம்பும்போது அந்த நோட்டின் நகலை வழிகாட்டி ஆசிரியையிடம் கொடுத்துவிட்டுப் போங்கள், அவருக்கு அடுத்த பருவத்துக்கு உதவும்.

மனுவை நான்காவது வாரம் எடுத்துப் படித்துப் பாருங்கள். கொடுப்பதா வேண்டாமா என்று எனக்கு எழுத வேண்டாம், அது உங்களுக்கே தெரிந்துவிடும். வராண்டா எத்தனை சாண் வந்தது, சண்டை எப்படி முடிந்தது என்று மட்டும் எழுதுங்கள்.